கிழித்துத் தரச் சொன்ன வலை

கத்தி நுனி ஒரு கண்ணிக்குள் நுழையும்; நைலோன் இழை அறும்; அறுத்த கை ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். ஊசி போடும்போது பிள்ளைகள் முகத்தைத் திருப்புவதுபோல, கைக்கு உடையவரும் ஒவ்வொரு அறுப்புக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உவர் கிழிக்கிற வடிவைப் பாத்தால் சுறாவும் சிரிக்கும்" என்றாள் மனைவி லூர்த்தம்மா.

குருநகரில் வலை பொத்துவதென்றால் சிமியோன்தான். கிழிந்த வலை அவர் வீட்டுப் படலைக்குள் போகும்; கிழிந்தபடி வெளியே வராது. கடலுக்குப் போகத் தடை இருந்த அந்த மாதங்களில் அந்தப் பெயர் ஒன்றுதான் அவர் கையில் மிஞ்சியிருந்தது. அதற்குத்தான் இப்போது ஆபத்து.

நல்லூரிலிருந்து சைக்கிளில் வந்த குணலட்சுமி ரீச்சர், பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிக்குப் புது வலையில் இரண்டு துண்டைக் கிழித்துத் தரக் கேட்டிருந்தார். எலும்புக்குள் இருந்து இரத்தத்தை உண்டாக்கும் மச்சைக் கலங்கள் இரண்டு, கதிர்வீச்சுப் பட்டவை. அவற்றின் உள்ளிழையான டி.என்.ஏ.தான் இந்த வலைகளாம்.

"இரண்டிலையும் ஒரே அளவு இழை அறவேணும் அண்ணை. காமாக் கதிர் பட்டது அங்கை ஒண்டு இங்கை ஒண்டா. நியூத்திரன் பட்டது ஒரே இடத்திலை குதறினமாதிரி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அறுத்து முடித்தார். தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தார். ரீச்சரின் சைக்கிள் மணி கேட்டுக் குனிந்து பார்த்தால், கையில் வலை ஊசி. காமா வலையில் ஒரு கிழிசலும் இல்லை. நியூத்திரன் வலையையும் கை தொட்டுத்தான் இருந்தது. முடிச்சுப் போட ஓர் இழை ஒழுங்காக இல்லாமல் நூல் தொங்கியது.

"ரீச்சர், குறை நினைக்கப்படாது. ஒண்டைப் பொத்திப்போட்டன்."

"ஐயோ அண்ணை. நாளைக்குக் கண்காட்சி. மற்றது?"

"அது சரிவரேல்லை. பிடிச்சுக் கட்ட ஒரு நல்ல கண்ணி இல்லை. வெட்டி எடுத்தால் ஓட்டைதான் மிஞ்சும்."

ரீச்சர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வலைக்குவியலின்மேல் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார்.

"கலமும் இதைத்தானே செய்யிறது. காமா கொஞ்சமாப் பட்டால் சிலது தன்னைப் பொத்திப் பிழைச்சிடும். நியூத்திரன் பட்டதிலை தப்புறது குறைவு. மச்சைக் கலம் எண்டால் பொத்துறதிலையும் பெரிய கெட்டிக்காரன் இல்லை. இப்பிடியே தாங்கோ."

"கெட்டிக்காரன் இல்லையெண்டதுக்குக் கீழை என்ரை பேரைப் போட்டிடாதேங்கோ."

"போடமாட்டன் அண்ணை."

ஆனாலும் சிமியோன் குதறிய வலையைக் கையைவிட்டுக் கொடுக்கவில்லை. கிழிசலோடு அது படலை தாண்டுவதை ஒழுங்கைச் சனம் முழுக்கப் பார்க்குமே.

"நியூத்திரனை உள்ளுக்கை வையுமன்" என்றாள் லூர்த்தம்மா.

சிமியோன் குதறிய வலையை நாலாக மடித்தார். பொத்திய வலையை அதன்மேல் சுற்றி, முடிச்சுகள் வெளியே தெரியும்படி இழுத்துக் கட்டி, ரீச்சரின் கையில் கொடுத்தார்.