இரண்டாவது நற்சாட்சிப் பத்திரம்

பள்ளியிறுதியில் தேறியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சென்னையில் ஆளைப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்க்கிற பெரிய கல்லூரி ஒன்று இருந்தது. அதற்கு மட்டும் மனுப் போட்டேன். கணக்கில் நான் வாங்கிய மார்க்கைக் கண்டால் அந்தக் கல்லூரியின் காவல்காரன்கூடக் கதவைத் திறக்க யோசித்திருப்பான். நான் யோசிக்கவில்லை.

மனுவோடு சபைப் போதகரின் நற்சாட்சிப் பத்திரமும் வைக்க வேண்டும். போதகர் எழுதித் தந்தார். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த ஞாயிறு ஆராதனையில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "இந்தத் தம்பிக்குச் சென்னைக் கல்லூரியில் இடம் கிடைக்க ஜெபிப்போம்" என்றார். கோயில் முழுவதும் 'ஆமென்' என்றது. அந்த ஆமெனில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

வாரங்கள் போயின. சென்னையிலிருந்து பதில் இல்லை. நாகர்கோவில் கல்லூரியில் மனு வாங்கும் கடைசி நாள் நெருங்கியது. அதற்கும் போதகரின் பத்திரம் வேண்டும். இன்னொன்று கேட்டால், சபையே கூடிச் செய்த ஜெபத்தை நான் நம்பவில்லை என்று ஆகிவிடாதா? கேட்காவிட்டால் ஒரு வருஷப் படிப்பு போயிற்று. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதுதான். கவலையில் சோறு இறங்கவில்லை. இறங்காத சோற்றை மூன்று வேளையும் தின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நெய்யூரில் நர்சாக இருந்த அக்கா லீவில் வந்திருந்தாள்.

"லேய், பேயடிச்ச மாதிரி என்ன இருப்பு?"

சொன்னேன்.

"ஆண்டவருக்கு நாகர்கோவிலுக்கு வழி தெரியாதாக்கும்? போய்க் கேளுலே."

"சபையில என்ன நினைப்பாவ?"

"உன்னைய நினைச்சுக்கிட்டு இருக்கதுதான் அவ்வளவு பேருக்கும் ஜோலி! நீ போறியா, நான் போய்க் கேக்கட்டா?"

அக்கா போய்க் கேட்பது அதைவிட மானக்கேடு. நானே போனேன். போதகரிடம் மழையைப் பற்றிப் பேசினேன். குளத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசினேன். மறுபடியும் மழைக்கு வந்தேன். பேச வேறொன்றும் மிஞ்சாதபோது விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

அவர் பேனாவைத் தேடினார். "கடைசி நாள் என்னைக்குடே?"

"நாளைக்கு ஐயா."

"பின்னே ஏம்டே இவ்வளவு நேரம் மழையைப் பிடிச்சுத் தொங்கினே?"

மறுநாள் மனுவைக் கொடுத்தேன். இடம் கிடைத்தது. சென்னைக் கடிதம் அதன்பிறகு வந்தது. இரண்டே வரி. இடமில்லை. அதைப் படித்தபோது ஒன்று விளங்கியது. அத்தனை நாள் நான் நடுங்கியது படிப்பை நினைத்து அல்ல. ஊர் பார்க்க எழுந்து நின்றேனே, அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து.

கல்லூரிக்குப் போன முதல் நாள், கையில் சோற்றுத் தூக்குடன் சாலையில் நடந்தேன். எதிரே, ஆமென் சொன்னவர்களிலேயே உரக்கச் சொன்ன சித்தி வந்தாள்.

"ஏலே மக்கா, மெட்ராசு இவ்வளவு கிட்டயா இருக்கு?"

"ஆமா சித்தி. சோறு ஆறதுக்குள்ள போயிரலாம்."

அவள் சிரித்துவிட்டு, சந்தைக்கு நேரமாயிற்று என்று நடந்தாள். ஒரு மாதமாக நான் பயந்தது இதற்குத்தான்.