அம்மாவை அசைக்காமல்

யானை தொலைந்தால் குடத்துக்குள்ளும் கைவிட்டுப் பார்க்கிற ரகம் சின்னவள். வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் அந்தப் பெயர். கட்டடங்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை. அன்று காலை அவளை அழைத்தது, இறந்தவர்களுக்கு இறுதி மரியாதை செய்யும் மண்டபம்.

கூடத்தின் நடுவே, சக்கரக் கட்டிலில் ஓர் அம்மாள் கிடத்தப்பட்டிருந்தார். கால்மாட்டில் கேமரா. கடல் கடந்திருக்கும் மகனால் வர முடியவில்லை; அம்மா முகத்தைத் திரையிலாவது பார்த்துவிடத் துடித்தான். படமோ உறைந்து உறைந்து நின்றது. வண்டி வந்துவிட்டால் எடுத்துவிடுவார்கள்.

சின்னவள் சுவர் அலமாரியைத் திறந்தாள். மண்டபத்துக் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் அதற்குள் இருந்தது. லேப்டாப்பை அதில் செருகி, 'பிங்' என்று அடித்துக் கேமராவின் எண்ணைக் கொடுத்தாள். ஸ்விட்ச் கேமராவிடம் 'இருக்கிறாயா?' என்று கேட்கும். பதில் வந்தால் ஆச்சரியக்குறி, வராவிட்டால் புள்ளி. திரையில் வரிசையாக ஆச்சரியக்குறிகள் விழுந்தன.

"என்னம்மா, டப்பாகிட்ட குசலம் விசாரிக்கிறியா? ஓங்கி ஒரு தட்டு தட்டு, சரியாயிடும்" என்றார் மண்டபக் காவலர்.

"உங்கள தட்டினா நீங்க சரியாயிடுவீங்களாண்ணே?" என்றாள் திரும்பாமலே.

பதில் வந்துவிட்டதே என்று அவள் விட்டுவிடவில்லை. சின்னக் கேள்வி எந்த இடுக்கிலும் நுழைந்துவிடும். படம் பெரிய சுமை. அதே கேள்வியைப் பெரிய மூட்டையாக்கி அனுப்பினாள். புள்ளி, புள்ளி, ஓர் ஆச்சரியக்குறி, மறுபடி புள்ளி. அலமாரிப் பக்கத்துக் கேபிளை மாற்றியும் புள்ளிகள் ஓயவில்லை. கேமராவிலிருந்து தரையோடு போன கேபிளைத் தொடர்ந்து நடந்தாள். அது கட்டிலை மூடிய துணிக்குள் போனது. துணியை விலக்கினால், தரையில் சாக்கெட். கேபிளின் மேல் கட்டிலின் சக்கரம்.

கட்டிலைப் பிடித்தபடி அந்த அம்மாளின் மகள் நின்றிருந்தாள்.

"அக்கா, இதக் கொஞ்சம் நகர்த்தணும்."

"வேணாம்மா. படுக்கையில கிடந்தப்ப தினமும் புரட்டிப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் வலி தாங்காம அழுதாங்க. இனிமே அவங்கள யாரும் அசைக்கக் கூடாது."

"உங்க தம்பி பாக்கணுமே…"

"அவன் பாக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" மகள் கட்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

சின்னவள் குனிந்து, கட்டிலுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் கண்ணால் அளந்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். "அசைக்க வேணாங்க்கா. நான் அடியில போறேன். நீங்க டார்ச் மட்டும் பிடிங்க."

மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தாள். மூக்குக்கு மேலே கட்டிலின் பலகை, பலகைக்கு மேலே அந்த அம்மாள். முழங்கை கம்பியில் இடித்தபோது வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். கட்டில் மட்டும் ஆடவில்லை. நசுங்கிய கேபிளைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகி, சக்கரங்களுக்கு எட்டாமல் வெளியே இழுத்துக் கேமராவில் மாட்டினாள். மகள் மண்டியிட்டு வெளிச்சம் காட்டினாள்.

அலமாரிக்குத் திரும்பி மறுபடியும் பெரிய மூட்டைகளை அனுப்பினாள். ஒரு புள்ளிகூட இல்லை.

ஸ்பீக்கரில் மகனின் குரல் வந்தது. "அக்கா… தெரியுது. அம்மா தெரியுறாங்க."

"அவன் கொஞ்ச நேரம் அம்மாகூடத் தனியா இருக்கட்டும்" என்று மகள் எல்லோரையும் வெளியே கூட்டிப் போனாள். காவலர் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.

படம் மறுபடி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று சின்னவள் மட்டும் போகவில்லை. கட்டிலுக்கு முதுகைக் காட்டி, அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். பின்னால் அவன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான். காதில் விழாததுபோல், வாசலில் வண்டி வந்து நிற்கும்வரை அவள் கேமராவை 'இருக்கிறாயா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.