மார்கழிக் கஞ்சாவும் வலத்து மாடும்

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் எந்த ஊரிலும் ஒரு வருடம் தங்கியதில்லை. அறுபதுகளின் கடைசியில், இருபது வயது தாண்டிய பிறகு, கடத்தூர்ப் பக்கம் ஒரு பானை வண்டிக்காரரோடு சேர்ந்துகொண்டேன். சம்பளம் இல்லை. அவர் களியில் எனக்கும் பாதி உண்டு. பானைகளை வைக்கோலில் பொதிந்து பாப்பிரெட்டிப்பட்டி சந்தைக்குக் கொண்டுபோவோம்.

வண்டியில் பூட்டும் இரண்டு மாடுகளில் வலப்பக்கத்து மாடு, வலத்து மாடு, புதிது. வீட்டில் கறந்துகொண்டிருந்த பசுவைக் கொடுத்துத்தான் அதை மாற்றி வாங்கியிருந்தார். அது விழுந்தால் வண்டியும் இல்லை, பாலும் இல்லை.

ஆடியில் ஒருநாள் வழியில் அதற்குக் கழிச்சல் கண்டது. சாலையோரக் கொல்லையில் ஒரு அம்மா ஆமணக்குக்கு நடுவே, தன் மாடுகளின் வைத்தியத்துக்கென்று ஒரு கஞ்சாச் செடியை மறைத்து வளர்த்திருந்தார். இடுப்புயரச் செடி. ஒரு கை தழை பறித்துத் தந்தார். களி உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தோம். கழிச்சல் நின்றது. மாடு சந்தைவரை நடந்தது.

மார்கழியில் அதே மாட்டுக்கு, ஏறக்குறைய அதே இடத்தில், மறுபடியும் கழிச்சல். கொல்லையில் ஆள் இல்லை. அந்த அம்மா கிறிஸ்துமஸ் வேலையாக மாதா கோயிலுக்குப் போயிருந்தார். செடி ஆள் உயரம் வளர்ந்திருந்தது. அடித்தழை பழுத்து உதிர்ந்துவிட்டதால் வண்டிக்காரர் நுனிக் கொத்துகளை ஒடித்தார். கையில் பிசுபிசுவென்று ஒட்டியதை மண்ணில் தேய்த்துக்கொண்டார். அதே ஒரு கை, அதே களி உருண்டை.

கொஞ்ச தூரம் போனதும் மாட்டுக்குக் கால் பின்னியது. புளியமரத்தடியில் மண்டியிட்டுச் சாய்ந்தது. அவிழ்த்துவிட்டோம். கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை.

கோயிலிலிருந்து திரும்பிய அம்மா எங்களைக் கண்டு நின்றார். வண்டிக்காரரின் கையைப் பிடித்து மோந்து பார்த்தார்.

“ஏனுங்க, எதப் பறிச்சீங்க?”

“ஆடியில நீங்க குடுத்த அதே செடிதானுங்க ஆத்தா. அதே அளவு.”

“அப்ப அது எளசுங்க. இப்ப பூ முத்திப் பிசின் கட்டி நிக்குது. ஒரு சிட்டிகைக்கே ஆளு கவுந்துருவான். கை நெறயவா குடுப்பாங்க?”

“பொழைக்குங்களா?”

“பக்கமாப் படுக்க வுடாதீங்க, வயிறு உப்பிக்கும். நிமுத்தி உக்கார வைங்க. அசை போட்டுச்சுன்னா பொழச்சிரும்.”

மூன்று பேருமாகப் புரட்டி உட்கார வைத்தோம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் வண்டிக்காரர், மாட்டின் விலாவில் முதுகு கொடுத்து உட்கார்ந்தோம். முதுகில் அதன் மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. வயிற்றில் அசைவே இல்லை.

சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். “என்னங்க மாமா, மாட்டுக்கு முட்டுக் குடுக்கறீங்களா, மாடு உங்களுக்கா?”

“போய்யா, வேலயப் பாத்துக்கிட்டு” என்றார் வண்டிக்காரர். பிறகு என்னிடம், “வூட்டுல போயி என்னாடா சொல்றது?” என்றார்.

வெயில் சாய்ந்தபோது என் முதுகுக்குப் பின்னால் ஏதோ புரண்டது. பாறை உருள்வதுபோல் வயிற்றுக்குள் ஒரு சத்தம். மாடு கழுத்தை நீட்டி, முன்பக்கம் சாய்ந்து நின்ற வண்டியிலிருந்து ஒரு வாய் வைக்கோலை இழுத்தது. பானை ஒன்று உருண்டு விழுந்து உடைந்தது. நான் எழப்போனேன்.

“உக்காருடா. திங்கட்டும்.”

இன்னொரு வாய் இழுத்தது. இன்னொரு பானை. அத்தனை பசி அதற்கு. தின்று முடித்துச் சற்று நேரம் சும்மா இருந்தது. பிறகு அதன் தாடை மெல்லப் பக்கவாட்டில் அசையத் தொடங்கியது. உடைந்த ஓடுகள் அவர் காலருகில் கிடந்தன. அவர் அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.