இரண்டு விரல் உயரம்

புவேப்லா நகரத்து மல்யுத்தச் சுவரொட்டியில் எழுத்தின் உயரம்தான் ஆளின் உயரம். கடைசி மோதலுக்கு வரும் நட்சத்திரத்துக்கு ஒரு சாண். இடையில் வருகிறவர்களுக்கு நான்கு விரல். முதல் மோதலில் அடி வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இரண்டு விரல். அரசியல் சட்டத்தைக்கூடத் திருத்துவார்கள், இதைத் திருத்தமாட்டார்கள்.

அந்த எழுத்துகளை மரத்தில் வெட்டுகிறவள் ஒத்தீலியா. இருபத்தாறு வருஷமாக அச்சகத்தின் பின்கட்டில் இருக்கிறாள். அவள் எழுத்தில் வளைவே கிடையாது. வட்டமாக வரவேண்டியதும் எட்டு மூலையோடுதான் நிற்கும். அதெல்லாம் பழைய பிரமிடுகளின் நினைவு என்று ஒரு பேராசிரியர் எழுதினார். உண்மையில் மரம் கெட்டி, உளி நேராகத்தான் போகும். அவள் மறுக்கவில்லை. பிரமிடு என்றால் மரியாதைதானே.

சந்தையில் இறைச்சி சுமக்கும் ஃபிதென்சியோ வாரம் தவறாமல் வந்து ஒரு சுவரொட்டி வாங்கிப் போவான். முதல் மோதல்காரனின் பெயரை மட்டும் விரலால் தடவிப் பார்ப்பான். முகமூடி போட்ட நவாஹா, அதாவது 'சவரக்கத்தி', இவன்தான் என்று ஊகிக்க அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. முகமூடிக்காரனின் முகத்தை வெளியே சொல்வது பாவம். அவளும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் அவனே சொன்னான். "அக்கா, முட்டி போச்சு. இந்த ஞாயித்துக்கெழமையோட சரி. எம்பேரு எதிர்வாடையிலேருந்து தெரியணும். ஒரே ஒரு தடவ."

பந்தயம் நடத்தும் தோன் அபுந்தியோவிடம் கேட்டாள். "ரெண்டு விரல். ஒரு மயிரிழை கூடுனாலும் அந்தக் காகிதத்த நீதான் திங்கணும்" என்றார்.

அவர் பேசியது உயரத்தைப் பற்றி. அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த ஊர் மொழியில் நவாஹாவுக்கு ஆறு எழுத்து. மூன்று நாளில் ஆறு கட்டைகள் வெட்டினாள். உயரம் இரண்டே விரல், கால்களோ தூண்கள். முனையெல்லாம் கோடாலி. ஆறும் சேர்ந்து தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அடைத்துக்கொண்டன. முதல் தாளை உரித்தபோது அச்சடிப்பவர் மையுருளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். ஒத்தீலியா ஓரடி பின்வாங்கினாள். தன் கையிலிருந்து வந்ததுதானா இது? மேலே நட்சத்திரத்தின் ஒரு சாண் பெயர் கொடியில் காயும் துணிபோலத் தெரிந்தது.

அபுந்தியோ விரல் வைத்து அளந்தார். இரண்டு. மறு கையாலும் அளந்தார். இரண்டுதான். "சரியாத்தான் இருக்கு. ஆனா என்னையே மொறைக்குது" என்று முனகிவிட்டு ஒப்புக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை சந்தைச் சுவர் முழுக்க ஒட்டியாயிற்று. எதிர்வாடையில் ஒத்தீலியா செமித்தா ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். பேருந்து ஓட்டுநர் ஒருவர் பச்சை விளக்கிலும் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். பாதிப் பன்றியைத் தோளில் சுமந்துவந்த ஃபிதென்சியோ அப்படியே நின்றான்.

ரொட்டிக்காரி அவனிடம் கேட்டாள்: "யாருய்யா இந்த நவாஹா? வாசல்ல குனிஞ்சுதான் நுழைவான் போலிருக்கே."

ஐந்தடிக்கு மேல் இரண்டே அங்குலம் வளர்ந்த ஃபிதென்சியோ சுவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஆமாம்மா. நல்ல ஒசரம்னுதான் பேசிக்கிறாங்க."

ஒத்தீலியா மிச்ச ரொட்டியை முழுசாக வாயில் அடைத்துக்கொண்டாள். இல்லாவிட்டால் சொல்லியிருப்பாள்.