தோட்டா கிடைக்காத துவக்கு

வெள்ளைக்கல் தோட்டத்து ரெங்கசாமி ஐயாவிடம் ஒரு துவக்கு இருந்தது. அதில் ஒரு பழுதும் கிடையாது. ஆனாலும் அது சுடாது. அதற்குப் போட வேண்டிய தோட்டாவை இந்த நாட்டில் எவரும் விற்பதில்லை. வேறொருவர் என்றால் இதைக் குறையாக நினைத்திருப்பார். ரெங்கசாமி ஐயா இதைப் பட்டம்போல் சுமந்து திரிந்தார்.

வேட்டைத் துவக்கின் குழல் அகலத்தை 'போர்' என்ற எண்ணால் சொல்வார்கள். எண் கூடக் கூடக் குழல் ஒடுங்கும். பசறைப் பக்கத்து விவசாயிகள் வைத்திருப்பதெல்லாம் பன்னிரண்டு போர். பழைய பங்களாக்களில் பதினாறும் இருபதும் இருந்திருக்கின்றன. ரெங்கசாமி ஐயாவுடையது இருபத்துநாலு. இருபதின் பலமும் இதற்கு இல்லை, இருபத்தெட்டின் இலேசும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எதற்கென்று தெரியாமல் பிறந்த அளவு. இந்த நாட்டில் அது ஒருபோதும் எடுபடவில்லை.

தோட்டத்து ஸ்டோரில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து, மண்வெட்டிப் பிடிகளையும் உரமூட்டைகளையும் எண்ணிக் கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். பெரிய கிளாக்கர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. யுத்தம் முடிந்த மறு வருடம், ஓய்வு பெற்றுப் போன மனேஜர், பங்களாவில் கிடந்த அந்தத் துவக்கைப் பயிர்க் காவலுக்கென்று இவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். "அந்த நேரத்துல ஒரு தமிழனுக்குத் துவக்கு லைசன் கெடச்சிச்சின்னா என்ன மரியாதன்னு யோசிச்சுப் பாருங்க" என்று எல்லோரிடமும் சொல்வார். தோட்டா இல்லாத துவக்கைக் கொடுக்க யாருக்கு என்ன பயம் இருந்திருக்கும் என்பதை மட்டும் அவர் யோசித்துப் பார்க்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு கையில் போன் வந்தது. அதில் அவர் பார்த்ததெல்லாம் உலகம் கைவிட்ட துவக்குகளைப் பற்றிய படங்கள். ரொக்கட் மாதிரிக் கிளம்பும் ரவை ஒன்று இருந்ததாம். குழலை விட்டு வெளியேறும்போது அதற்கு வேகமே இருக்காதாம், தூரம் போகப் போகத்தான் வேகம் பிடிக்குமாம். கோது என்ற வெளிக்கூடே இல்லாத தோட்டா இன்னொன்று. சூட்டில் தானாக வெடித்துவிடுமோ என்ற பயத்தோடேயே அது கிடந்து முடிந்ததாம். பலசரக்குக் கடை வாசலில் நின்று இவற்றையெல்லாம் விவரித்துவிட்டு, "உலகத்துக்குப் புரியல" என்று முடிப்பார். பதவி கிடைக்காத கதைக்கும் அவர் வைத்திருந்த முடிவு அதுதான். எடுபடாமல் போனதெல்லாம் உயர்ந்தது என்று ஒருவர் நம்பிவிட்டால், தன்னைப் பற்றி அவர் கவலைப்படவே வேண்டியதில்லை.

இந்தப் பெருமை யாருக்கும் இடைஞ்சலாக இல்லாதவரை அவரைப் பார்த்துச் சிரிப்பதோடு விட்டிருக்கலாம். விஜயலெட்சுமி அக்காவுக்கு அது இடைஞ்சலாக வந்தது.

அவருடைய கணவர் முத்தையா இறந்த பிறகு, காடாகிக் கிடந்த பழைய தேயிலைச் சரிவில் ஒரு துண்டை நிர்வாகம் அவருக்கு மரக்கறித் தோட்டம் போடக் கொடுத்தது. அடுத்தடுத்து மூன்று போகம் விளைச்சல் காட்டாவிட்டால் நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்பது பேச்சு. முதல் போகத்து உருளைக்கிழங்கைக் காட்டுப்பன்றிகள் கிளறித் தின்றன. இரண்டாவது போகத்துப் போஞ்சி, அதாவது பீன்ஸ், பூப்பிடித்த வாரத்தில் வேரோடு போயிற்று. மிஞ்சியது ஒரு போகம். அதுவும் போனால் நிலமும் போகும்.

அக்காவின் தம்பி நிமலன் கொழும்பில் காவல் வேலை பார்த்து, துவக்குப் பிடிக்கப் பழகித் திரும்பியவன். பயிர்ப் பாதுகாப்புக்கென்று முறைப்படி விண்ணப்பம் போட்டான். சிங்களத்தில் வந்த பதிலை, அதே லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கும் நான்தான் அவர்களுக்கு வாசித்துச் சொன்னேன். அந்தச் சரிவைக் காக்க ஏற்கனவே ஒரு துவக்குக்கு அனுமதி இருப்பதால் இன்னொன்று தேவையில்லை என்று இருந்தது.

அந்த ஒரு துவக்கு யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அக்கா ரெங்கசாமி ஐயாவின் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அவர் துவக்கை மடியில் வைத்துத் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒங்க துவக்கு பன்னி சுடுமாங்க?"

"இது பன்னிக்குரிய சாமான் இல்ல புள்ள."

"அப்ப லைசன திருப்பிக் குடுத்துருங்கய்யா. நிமலனுக்குக் கெடைக்கும். ஒங்களுக்குத்தான் தோட்டமே இல்லையே."

ஐயாவின் கை நின்றது. "நிமலன் என்ன வாங்குவான்? பன்னெண்டு போரு. பதுள சந்தையில கருவாடு வாங்குற மாதிரி எவனும் வாங்கலாம். இருபத்துநாலு இந்த ஊவாவுல எத்தன இருக்கு? சொல்லு பாப்போம்."

"தெரியாதுங்க."

"ஒண்ணு. இல்லாத சாமானுக்குத்தான் புள்ள பெரும."

"எங்க லயத்துல கக்கூசுகூடத்தான் இல்ல. அதுக்கும் பெருமப்படணுமாங்க?"

அவர் மறுபடியும் துடைக்கத் தொடங்கினார். அக்கா வாசலில் நின்று, "எண்ணெயாவது மிச்சமாகும், என்கிட்ட குடுங்கய்யா, கறிக்கு ஊத்துறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அடுத்த மாதம் ஆயுத பூசை வந்தது. எங்கள் தோட்டத்தில் அவரவர் தங்களைப் பிழைக்க வைக்கும் கருவியைக் கொண்டுவந்து கோயில் முன்னால் வைப்பார்கள். கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, தையல் மெஷின், ஓட்டோச் சாவி எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. நடுவில் சிவப்புத் துணி விரித்து ரெங்கசாமி ஐயாவின் துவக்கு. அது யாரைப் பிழைக்க வைத்தது என்று எவரும் கேட்டதில்லை. மறுநாள் விஜயதசமிக் காலையில், பூசை வாங்கிய கருவியை எல்லோருக்கும் முன்னால் ஒருமுறை வேலை செய்ய வைத்துக் காட்ட வேண்டும். சும்மா கிடந்தால் அந்த வருடம் தொழில் படுத்துவிடும் என்பது நம்பிக்கை. கத்தி பூசணிக்காய் வெட்டும். ஓட்டோ எலுமிச்சம்பழத்தை நசுக்கும். ரெங்கசாமி ஐயா ஒவ்வொரு வருடமும் துவக்கை மடக்கித் திறந்து, 'டக்' என்று மூடுவார். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

அந்த வருடம் பிரதம விருந்தினர் கிராம சேவகர் ஜௌபர். வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. துவக்கு லைசனைப் புதுப்பிக்கும்போது, பயிரைக் காக்க அது பயன்படுகிறது என்று சிபாரிசு எழுதுபவர் அவர். முன்பிருந்தவர் எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதி வந்திருந்தார்.

அக்கா தன் மம்பட்டியால் மண்ணில் ஒரு வெட்டு வெட்டினார். அடுத்தது ஐயாவின் முறை. அவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, துவக்கைத் திறந்து மூடினார். டக்.

"அது தொறந்து மூடுறதுங்கய்யா" என்றார் அக்கா. "எங்க வீட்டு அலுமாரியும் அதச் செய்யும். துவக்கோட வேலையக் காட்டுங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"சாமிக்கு முன்னால வெடி போடக் கூடாது புள்ள."

"தேருக்கு வெடி போடுறோமேங்க? மேல பாத்து ஒண்ணு போடுங்க. பன்னிக்கும் கேக்கட்டும்."

ஜௌபர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "ஒண்ணு போடுங்க ஐயா. நான் எழுதிக் குடுக்குறதோட சரி, சத்தம் கேட்டதில்ல."

தோட்டா முடிந்துவிட்டது என்று ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் ரெங்கசாமி ஐயா தப்பியிருப்பார். ஆனால் எதிரில் கூட்டம் இருந்தது. பக்கத்தில் மைக்கும் இருந்தது. அதைக் கையில் எடுத்தார்.

"இதுக்குத் தோட்டா இந்த நாட்டுல எந்தக் கடையிலயும் கெடையாது. பங்களாவுல இருந்த காலத்துலயே கெடையாது. என் கைக்கு வந்ததுல இருந்து ஒரு வெடி வச்சதில்ல. அப்பேர்ப்பட்ட சாமான் இது. பன்னெண்டு வச்சிருக்கவனெல்லாம் இத நல்லாப் பாத்துக்குங்க."

கைதட்டலை எதிர்பார்த்து நிறுத்தினார். பிள்ளைகள்கூடத் தட்டவில்லை.

ஜௌபரின் முகம் மாறியிருந்தது. "ஒரு வெடிகூடவா வைக்கல? அப்ப பன்னி வந்தா என்ன செய்வீங்க?"

"பன்னி சுடுறதுக்கா தம்பி இந்தத் துவக்கு?"

"பின்ன எதுக்கு ஐயா?"

"வச்சிருக்குறதுக்கு."

அதை அவர் வெட்கமில்லாமல், தெளிவாக, மைக்கில் சொன்னார். கீழ்ப்பிரிவு லயம்வரை கேட்டது. அக்கா மம்பட்டியைத் தோளில் எடுத்துக்கொண்டு போய் நிமலன் பக்கத்தில் நின்றார்.

மிச்சமெல்லாம் தானாக நடந்தது. அந்த வருடம் ஜௌபர் சிபாரிசு எழுதவில்லை. லைசன் புதுப்பிக்கப்படாமல் போனது. துவக்கை ஒப்படைக்கச் சொல்லிப் பொலிஸ் வந்தது. நிமலனின் இரண்டாவது விண்ணப்பத்துக்குத் தை மாதத்தில் அனுமதி வந்தது. பதுளைக்குப் போய் எவனும் வாங்கும் பன்னிரண்டு போர் ஒன்றை வாங்கி வந்தான். கடையில் தோட்டாவும் இருந்தது. சரிவின் மேல்விளிம்பில் ஒரு பன்றி விழுந்தது. மற்றவை அடுத்த மலைக்குப் போயின. மாசியில் அக்கா போஞ்சி பறித்துப் பசறைக்கு அனுப்பினார். மூட்டைகளை நிர்வாகத்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். நிலம் அக்காவிடமே இருக்கிறது.

நூதனசாலையில் காட்சிக்கு வைக்கத் தன் துவக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள் என்று ரெங்கசாமி ஐயா கடைவாசலில் சொல்லி வருகிறார். நிமலன் தன்னுடையதைப் பதியப் போனபோது அதைப் பொலிஸில் பார்த்திருக்கிறான். கசிப்பு வழக்குகளில் பிடிபட்ட கள்ளச்சாராயக் கேன்களுக்குப் பின்னால், ஒரு துண்டு அட்டை கட்டி, சுவரில் சாத்தி வைத்திருந்தார்களாம். எண்ணெய் மட்டும் இன்னும் மினுங்கியதாம்.

இந்த வருட ஆயுத பூசைக்கு ஐயா துவக்கின் வெறும் தோல் உறையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பூசாரி தயங்கிவிட்டு, வயதானவர் என்று அதற்கும் பொட்டு வைத்தார்.

"ஐயா, உறையக் கொஞ்சம் நகத்துங்க" என்றார் அக்கா. "மம்பட்டி வைக்கணும்."

அவர் நகர்த்தினார். "இந்த மாதிரி உற இப்ப எவனும் செய்யிறதில்ல" என்றார்.

அக்கா மம்பட்டியை வைத்துவிட்டுப் பொட்டு வைக்கக் குனிந்தார். மறுநாள் காலை தன் முறை வந்தபோது ஐயா எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, உறையின் கொளுக்கியைத் திறந்து மூடினார்.

டக்.