மேகம் இறங்கிய ரோட்டில் இன்னொரு சைக்கிள்

இதை நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் நான் ஒரு வரிகூடக் கூட்டிச் சொல்லவில்லை. என் கணவர் தேவபிரசாதமும் நானும் நேரில் பட்டதுதான் இது. அந்தக் காட்டு ரோட்டின் பெயரை மட்டும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். படித்துவிட்டு யாரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது.

1944. கிறிஸ்துமஸ் முடிந்த அடுத்த நாட்கள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கிளார்க். நான் கிரேசி, நாசரேத்தில் பிறந்தவள், அங்கேயே படித்து தூத்துக்குடியில் டீச்சர் வேலைக்கு வந்தவள். இரண்டு பேருக்கும் சைக்கிள் பைத்தியம். பீச் ரோட்டில் நான் சேலையைச் செருகிக்கொண்டு மிதித்துப் போனால், வலை காயப்போடுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். யுத்த காலம் எங்களுக்கு ஒரு உபகாரம் செய்திருந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். கரி வாயுவில் ஓடிய ஒன்றிரண்டு பஸ்களும் பாதி வழியில் படுத்துக்கொள்ளும். ரோடெல்லாம் எங்களுக்கே. லீவு நாளில் விடிவதற்கு முன் கிளம்பி மணப்பாடு வரைக்கும் போயிருக்கிறோம்.

ஆனால் எங்கே போனாலும் ஒரே மட்டம். உப்பளம், பனை, மணல்.

"மேடு ஏறணும்ளா. காட்டுக்குள்ள, ஒரு வண்டி வாசி வராத ரோட்டுல ஏறிப் பாக்கணும்" என்பார் அவர். அப்படித்தான் சைக்கிள்களை ரயிலின் பிரேக் வேனில் ஏற்றி, அம்பாசமுத்திரத்தில் இறங்கி, மலையடிவாரத்துக் காட்டு பங்களா ஒன்றில் போய்த் தங்கினோம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு வேறொரு இடத்தில் பெண் பேசி, அது நின்றுபோயிருந்தது. அந்தப் பெண் அம்பாசமுத்திரம் பக்கம்தான் டீச்சராக இருக்கிறாள் என்று யாரோ என் காதில் போட்டுவைத்திருந்தார்கள். எத்தனையோ மலை இருக்க, இவர் ஏன் இந்த மலையைப் பிடித்தார்? கேட்கவில்லை. ஆனால் அது மனசுக்குள் கிடந்தது.

காலையில் பங்களா வாட்சர் இசக்கியப்பன் எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"ரோட்டோடயே போயிட்டு ரோட்டோடயே வந்துருங்க. மதியத்துக்கு மேல மேகம் எறங்கிரும். பாதி மலையில ஒரு வண்டிப் பாதை பிரியும், அதுல போயிராதிய. பாலம் மழையில போயிட்டு. முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சிருக்கோம்."

"சரி அண்ணாச்சி" என்றார் இவர்.

ஏறத் தொடங்கினோம். அப்படி ஒரு ரோட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் மரம் கூடி மேலே மூடியிருந்தது. லாரி இல்லை, மாட்டுவண்டிகூட இல்லை. எங்கேயோ ஓடை விழுகிற சத்தம். சில்வண்டு இரைச்சல். சைக்கிள் செயினின் சத்தம். என் மூச்சு. வேறு எதுவுமில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் முன்னால் போய்விட்டார். வளைவுக்கு வளைவு அவர் மறைவதும், நான் போய்ச் சேரும்போது காத்து நிற்பதுமாக இருந்தது.

மூன்றாவது முறை போய்ச் சேர்ந்தபோது அவர் தண்ணீர்க் குப்பியை நீட்டினார்.

"இந்தா. கேட்டல்லா?"

"நான் எங்க கேட்டேன்?"

"சரி, குடி."

குடித்தேன். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வளைவுக்கு இந்தப் பக்கம் இருக்கும்போதே அவர் குரல் கேட்டது. யாரிடமோ பேசுகிறார். பேசிவிட்டு நிறுத்துகிறார். பதிலைக் கேட்பது போல் ஒரு இடைவெளி. பிறகு சிரிப்பு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக மிதித்தேன். வளைவைத் தாண்டினால் அவர் மட்டும்தான் நின்றிருந்தார்.

"யார்ட்ட பேசுதீய?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வெளாடாதளா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

இரவு மழை பெய்திருந்தது. ரோட்டில் செம்மண் இன்னும் ஈரமாக இருந்தது. குனிந்து பார்த்தேன். அவர் போன பக்கம் டயர் தடம் தெளிவாகப் பதிந்திருந்தது.

ஒன்றல்ல. இரண்டு சைக்கிள் தடம்.

இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், விலகாமல், பேசிக்கொண்டே போகிறவர்களின் தடம் மாதிரி. என் சைக்கிள் இன்னும் அந்த இடத்துக்குப் போகவே இல்லை.

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்த டீச்சர் பெண்தான் முன்னாலேயே வந்து காத்திருந்திருக்கிறாள். நான் நெருங்கினால் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். நான் அப்படித்தான் நினைத்தேன்.

மலை உச்சியில் ஒரு பாறையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டோம். நான் வாயைத் திறக்கவில்லை.

"என்னளா இது?" என்றார் அவர். "வழியெல்லாம் சிரிச்சிட்டு வந்த. இப்ப என்ன மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். சோற்றைப் பாதியில் மூடி வைத்தேன். வேண்டுமென்றே அவரை முன்னால் போகச் சொன்னேன். இந்தத் தடவை கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

இறங்கும்போது மேகம் வந்துவிட்டது. வெள்ளையாக, மரங்களுக்கு நடுவில் நடந்து வருவது போல் வந்தது. நான் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து மெதுவாக இறங்கினேன். ரோடு மடிந்து மடிந்து கீழே போனது. ஓரிடத்தில் மேகம் விலகியது. எனக்கு நேர் கீழே அடுத்த மடிப்பு தெரிந்தது.

இரண்டு சைக்கிள்.

அவருடைய தொப்பி தெரிந்தது. அவருக்கு இடது பக்கத்தில், பள்ளத்தின் ஓரமாக, ஒரு சேலை காற்றில் அடித்தது. அவர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பிப் பேசிக்கொண்டே போனார். மேகம் மறுபடியும் மூடிக்கொண்டது.

நான் பிரேக்கை விட்டேன்.

வண்டிப் பாதை பிரிகிற இடம் வந்தது. காலையில் நாங்கள் பார்த்த முள் அடைப்பு இப்போது பாதையில் இல்லை. முள்ளைக் கொத்தாக இழுத்து ஓரத்தில் வைத்திருந்தது. தடம் உள்ளே போனது. இரண்டு தடமும்.

பாலம் போய்விட்டது என்று அவருக்குத் தெரியுமே... பிறகு ஏன் இதில் போகிறார்?

அப்போதுதான் கோபம் போய் வேறொன்று வந்தது. சில்வண்டுச் சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. கீழே தண்ணீர் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க!" என்று கத்தினேன்.

இல்லை... நான் கத்த வாயைத் திறந்தேன். அதற்கு முன்பே கீழேயிருந்து சத்தம் வந்தது.

"ஏங்க!"

என் குரல்.

அதற்குப் பிறகுதான் என் தொண்டையிலிருந்து சத்தம் வந்தது.

சைக்கிளைக் கீழே போட்டேன். ஓடினேன். செருப்பு கழன்றது. கல் குத்தியது.

அவர் பாலத்தின் நுனியில் நின்றிருந்தார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு கால் தரையில். ஒரு கால் பெடலில். முன் சக்கரத்துக்கு அடியில் பலகை இல்லை... எதுவுமில்லை. கீழே வெள்ளம். இடது பக்கம் திரும்பி, சிரித்த முகமாக, தலையாட்டிக்கொண்டிருந்தார். தரையில் இருந்த கால் மெல்ல எழும்பியது.

கேரியரைப் பிடித்து இழுத்தேன். சைக்கிளும் அவரும் நானும் சேற்றில் விழுந்தோம்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இடது பக்கம் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீ... எப்பளா பின்னால போன?"

நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். இடது பக்கம் யாரும் இல்லை. அங்கே நிற்க இடமும் இல்லை. வெறும் பள்ளம்.

சைக்கிள்களை உருட்டிக்கொண்டே பங்களா வரைக்கும் நடந்தோம். நான் அவர் சட்டையைப் பிடித்த கையை விடவில்லை. இசக்கியப்பன் எங்கள் சேற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வெந்நீர் போட்டார். நான் அவரிடம் கேட்டேன். "அந்தப் பாலத்துல யாரும் செத்திருக்காவளா அண்ணாச்சி?" அவர் தலையைக் குனிந்துகொண்டு, "மலையில கேக்கக் கூடாதும்மா" என்றார். அவ்வளவுதான்.

கணவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். காலையிலிருந்து நான் அவர் பக்கத்திலேயே வந்தேனாம். வளைவில் மட்டும் பின்தங்கி, பிறகு சேர்ந்துகொள்வேனாம். தண்ணீர் கேட்டது நானாம். முள்ளை இழுத்துப் போட்டதும் நானாம். "பாலம் நல்லாத்தான் இருக்கு, அந்தாளு பொய் சொல்லுதாருன்னு நீதானளா சொன்ன" என்றார். நான் இரண்டு கையையும் விளக்கில் காட்டினேன். ஒரு கீறல்கூட இல்லை.

அப்புறம் என் சந்தேகத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அவ கல்யாணமாகிக் கொழும்புக்குப் போயி ரெண்டு வருசம் ஆச்சிளா" என்றார்.

"பாலத்துல கடைசியா என்ன சொன்னா? தலையாட்டுனீயளே?"

"ஞாபகம் இல்ல" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எதையோ மறைக்கிறார் என்று தெரிந்தது. நானும் தோண்டவில்லை.

தூத்துக்குடிக்குத் திரும்பினோம். அவர் ஆபீஸுக்கு நடந்தே போக ஆரம்பித்தார்.

பிப்ரவரி மாதம் எனக்கு உடம்பு ஒரு மாதிரியாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார். நாள் கணக்குப் பார்த்து, கிறிஸ்துமஸுக்கு முந்தியே கரு தங்கியிருக்கிறது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் ஆபீஸிலிருந்து வருகிற வரைக்கும் வாசலிலேயே நின்றேன்.

சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. அப்படியே நடையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க?"

என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு, பாலத்தில் கேட்டதைச் சொன்னார். என் குரலில், அவர் காதுக்குப் பக்கத்தில், கெஞ்சுவது போல் சொன்னதாம்.

"வாங்க... நாம மூணு பேரும் இங்கனயே இருந்துருவோம்."

மேகத்தில் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டது என்று இத்தனை நாளும் அவர் நினைத்திருந்தார்.

வயிற்றில் பிள்ளை இருப்பது அன்றைக்கு எனக்கே தெரியாது.