ஜப்பானில் படிக்கும் கிறிஸ்டோ

அமலி சித்தி வீட்டுக்கு விருந்தாளி வருவதாக இருந்தால், வீடு பெருக்குவதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. கூடத்துச் சுவரில் இருக்கும் கிறிஸ்டோவின் படத்தைக் கழற்றி, சமையலறை அலமாரியில் பாஸ்மதி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டும். நீலச் சீருடை, வெள்ளைத் தொப்பி, சிரிக்காத முகம். அமெரிக்க மரைன் படையில் பயிற்சி முடித்தபோது எடுத்த படம்.

கிறிஸ்டோ சித்தியின் ஒரே மகன். டெக்சஸில், ரிச்சர்ட்சனில் பிறந்தவன். சித்தியும் தேவதாஸ் சித்தப்பாவும் தூத்துக்குடிக்காரர்கள். சித்தப்பா தொலைத்தொடர்பு எஞ்சினியர், சித்திக்கு மருத்துவமனை லேபில் வேலை. பையன் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பான் என்று முடிவு செய்து, போய்வர என்ன கார் என்பது வரை பேசி வைத்திருந்தார்கள். அவனால் ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

இந்திய மளிகைக் கடை இருந்த அதே வளாகத்தில் மரைன் ஆள்சேர்ப்பு அலுவலகமும் இருந்தது. சித்தி உள்ளே கறிவேப்பிலை பொறுக்கும் நேரத்தில், இவன் அங்கே கம்பியில் தொங்கிப் புல்-அப் எடுத்துக்கொண்டிருந்தான். பதினெட்டு முடிந்தது, பெற்றோர் சம்மதம் தேவைப்படவில்லை, சேர்ந்துவிட்டான்.

"இன்ஃபன்ட்ரின்னா என்னடா வேலை?" என்று சித்தி கேட்டாள்.

"வாக்கிங், மா. முதுகுல வெயிட்டோட. அப்புறம் ஷூட்டிங்."

"இதுக்கா நாங்க கிரீன் கார்டுக்கு அத்தனை வருசம் லைன்ல நின்னோம்?"

மாதம் ஒருமுறை சர்ச்சில் நடக்கும் தமிழ்ப் பூசையில் கேட்டவர்களிடம், "சான் டியேகோல காலேஜ்" என்று சொல்லிவிட்டாள். பயிற்சி முகாம் சான் டியேகோவில்தான் நடந்தது. ஊர் மட்டும் உண்மை. அடுத்த ஆண்டு அவனுடைய படைப்பிரிவை ஜப்பானின் ஒகினாவாத் தீவுக்கு அனுப்பினார்கள். சித்தி ஜப்பானில் எக்ஸ்சேஞ்ச் ப்ரோக்ராம் என்றாள். அந்தப் பொய்க்குக் கால் முளைத்தது. விடுமுறையில் வந்தவனிடம் ஓர் அங்கிள், தன் மகளுக்கு டோக்கியோவில் மாஸ்டர்ஸ் கிடைக்குமா என்று விசாரித்தார். அவனும் முகம் மாறாமல், "அப்ளை பண்ணச் சொல்லுங்க அங்கிள், வெதர் நல்லாருக்கும்" என்றான்.

அப்போது நான் தென்னமெரிக்காவில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். குடும்பத்தில் வீடு தங்காதவர்கள் நாங்கள் இருவர்தான் என்பதால் போனில் நிறையப் பேசுவோம். அடுத்து அவன் பிரிவை வளைகுடா நாடுகளுக்கு அனுப்பினார்கள். கிளம்புவதற்கு முன் அழைத்தான்.

"அம்மா ஒரே ஒரு தடவை வெளிய சொன்னா போதும், அக்கா. ஐ ஆம் நாட் அஷேம்ட். ஷீ இஸ்."

"வெட்கம் இல்லடா, பயம் அது."

"நான் செத்தா, பாடி ஜப்பான்லருந்து வருதுன்னு சொல்வாங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எனக்குச் சிரிக்க வரவில்லை.

2021 ஆகஸ்டில் நான் ரிச்சர்ட்சனுக்கு வந்து சேர்ந்தேன். அதே மாதம் தாலிபான் காபூலைப் பிடித்தது. தப்பிக்க வருபவர்களை வெளியேற்ற, வளைகுடாவில் இருந்த அவன் பிரிவைக் காபூல் விமான நிலையத்துக்கு மாற்றினார்கள். "வாசல்ல நிக்கிறோம். ரொம்பக் கூட்டம்" என்று ஒரு செய்தி வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. டிவியில் அந்த வாசலையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். சித்தி ஒவ்வொரு ஹெல்மெட்டுக்கு அடியிலும் மகனைத் தேடினாள்.

ஒரு வியாழக்கிழமை காலை அந்த வாசலில் குண்டு வெடித்தது. மரைன்கள் இறந்திருக்கிறார்கள் என்றார்கள். பெயர்கள் சொல்லவில்லை. அன்று மாலை சித்தி வீட்டில் ஜெபமாலை என்று முன்பே ஏற்பாடாகியிருந்தது.

"கேன்சல் பண்ணிடலாம், அமலி" என்றார் சித்தப்பா.

"காரணம் என்னன்னு சொல்லுவீங்க?"

அவர் எழுந்து போய்ப் படத்தைக் கழற்றினார். வீட்டு முன்னால் கார் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். சாவுச் செய்தியைப் படை அதிகாரிகள் சீருடையில் வீடு தேடி வந்துதான் சொல்வார்களாம். வந்தவர்கள் இடியாப்பமும் சொதியும் தூக்கிக்கொண்டு வந்த ஆன்டிகள்.

எல்லோரும் வேளாங்கண்ணி மாதா சுரூபத்தின் முன் உட்கார்ந்தோம். ஜெபமாலையில் பத்துப் பத்து மணிகளாக ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஒருவர் ஒரு வேண்டுதலைச் சொல்லி ஒப்புக்கொடுக்க வேண்டும். ஒருவர் வீசாவுக்காகச் சொன்னார், ஒருவர் முழங்கால் ஆபரேஷனுக்காக. மூன்றாவது ஜெசிந்தா ஆன்டியின் முறை. சித்தியோடு தூத்துக்குடியில் ஒரே பள்ளியில் படித்தவர்.

"நம்ம அமலி பிள்ளை கிறிஸ்டோவுக்காக. ஜப்பான்ல தனியாக் கிடந்து படிக்கான். பரீட்சையெல்லாம் நல்லா எழுதணும்னு மாதாவே..."

"ஜப்பான் இல்ல" என்றாள் சித்தி.

யாருக்கும் புரியவில்லை. சித்தப்பா தரையைப் பார்த்தார்.

"என் மகன் படிக்கல. மரைன்ல இருக்கான், துப்பாக்கி தூக்குற வேலை. காபூல்ல அந்தக் கேட்லதான் நிக்கான். உயிரோட இருக்கானான்னு தெரியல. அவனுக்காக வேண்டுங்க."

ஜெசிந்தா ஆன்டியின் கையில் ஜெபமாலை அப்படியே நின்றது.

"ஏட்டி, மூணு வருசமா எங்ககிட்ட பொய்யா சொன்ன?"

"ஆமா."

"தப்பான பிள்ளைக்கில்லா இத்தனை நாள் வேண்டியிருக்கேன்! போட்டோ எதாச்சும் இருக்கா? எடுத்துட்டு வா."

நான் பாஸ்மதி மூட்டையை நகர்த்தி எடுத்து வந்தேன். ஆன்டி தன் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, படத்தை மாதாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மூன்றாவது சுற்றை முதலிலிருந்து தொடங்கினோம். ஐந்தும் முடிந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை. இடியாப்பம் காய்ந்துபோனது.

விடிந்த பிறகு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சித்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மா, ஐ ஆம் ஓகே. வேற ஷிஃப்ட்ல இருந்தேன்." அதற்குப் பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

"எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்டா."

"வாட்? எல்லார்ட்டயுமா?"

"ஜெசிந்தா திட்டினா."

அவன் சிரித்தானா அழுதானா என்று தெரியவில்லை. லைன் போய்விட்டது.

குளிர்காலத்தில் விடுப்பில் வந்தான். வீட்டுக்குள் நிற்க மாட்டான். யாரும் நடக்காத சாலைகளில் நடந்துகொண்டே இருந்தான். கார் ரிப்பேரா, லிஃப்ட் வேண்டுமா என்று போகிறவர்கள் வண்டியை நிறுத்திக் கேட்டார்கள். சில நாள் நானும் கூட நடந்தேன். அந்த வாசலைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மரைன் ஒப்பந்தம் முடிவதற்குள், இன்னும் சில ஆண்டுகளுக்கு மறுபடியும் கையெழுத்துப் போட்டான். சித்தி மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நான்காம் நாள் அவனுடைய காலுறைகளை மடித்துப் பையில் வைத்தாள்.

போன மாதத் தமிழ்ப் பூசை முடிந்து காபி குடிக்கும்போது, புதிதாக வந்த ஓர் ஆன்டி, "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டார். ஜெசிந்தா ஆன்டி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"மரைன்ஸ். இப்ப ஆஸ்திரேலியா" என்றாள் சித்தி.

"ஓ, எஞ்சினியரிங் சைடா?"

"இல்ல. இன்ஃபன்ட்ரி" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த போனை மறுபடியும் ஒருமுறை பார்த்தாள்.